விக்கியின் வாசலுக்குக் காவல் வந்த வரலாறு

1995 மார்ச் 25 அன்று வார்டு கன்னிங்காம் விக்கிவிக்கிவெப் தளத்தைத் தொடங்கியபோது அதில் பயனர் பதிவும் இல்லை, கடவுச்சொல்லும் இல்லை. எவரும் எந்தப் பக்கத்தையும் மாற்றலாம். மென்பொருள் வடிவமைப்பாளர்கள் கூடிய சிறிய வட்டம் அது. கெடுப்பதற்கு ஆகும் உழைப்பைவிடச் சரிசெய்வதற்கு ஆகும் உழைப்பு குறைவாக இருந்தால் தளம் தாக்குப்பிடித்துவிடும் என்பதே அந்த ஏற்பாட்டின் உள்ளுறைந்த கணக்கு எனலாம். 2001இல் பிறந்த விக்கிப்பீடியாவும் இதே கணக்கை நம்பியே வளர்ந்தது. பக்கத்தின் பழைய வடிவம் சேமிப்பில் இருக்கும். ஒரு சொடுக்கில் அதை மீட்டுவிடலாம்.

இக்கணக்கைப் பிழையாக்கியது மனிதக் குறும்பு அன்று, தேடுபொறி. ஒரு பக்கத்துக்கு வரும் இணைப்புகளைக் கொண்டு அதன் தகுதியை மதிப்பிடும் முறையைக் கூகுள் 1998இல் கொண்டுவந்தது. அதன்பின் எவரும் எழுதக்கூடிய ஒவ்வொரு பக்கமும் இலவச விளம்பரப் பலகை ஆயிற்று. குறும்பு செய்பவர் சலித்துப் போவார். இணைப்புகளைத் தூவும் நிரலுக்குச் சலிப்பு இல்லை. எரிதத்தை எழுதியவர் எதிர்பார்த்த வாசகர் மனிதரும் அல்லர். வரலாற்றை எழுதுவோர் எரிதத்தையும் விசமத் தொகுப்பையும் ஒன்றாகவே எண்ணிவிடுவதால் இவ்வேறுபாடு பெரும்பாலும் கவனம் பெறுவதில்லை.

2005 ஜனவரியில் கூகுள், யாகூ, மைக்ரோசாப்ட் ஆகியவை நோஃபாலோ என்னும் குறியீட்டை ஏற்றன. அக்குறி இட்ட இணைப்பு தரவரிசையில் கணக்கில் வராது. வாசலை அடைக்காமல், உள்ளே வருவதால் கிடைக்கும் ஆதாயத்தை மட்டும் பறிக்கும் வழி இது. அவ்வகையில் இவ்வரலாற்றின் மிக நுட்பமான முயற்சியும் இதுவே. ஆங்கில விக்கிப்பீடியா 2007 ஜனவரியில் தன் வெளியிணைப்புகள் அனைத்துக்கும் இதை விதித்தது. சான்றாகக் காட்டப்பட்ட பல்கலைக்கழக ஆவணத்துக்கும் போலி மருந்துக் கடைக்கும் ஒரே தண்டனை. ஆயினும் எரிதம் ஓயவில்லை. அனுப்புவதற்குச் செலவு ஏதுமில்லாதபோது, பயன் குறைந்தது என்பதற்காக ஒருவர் அனுப்புவதை ஏன் நிறுத்த வேண்டும்?

இடையில் வேறொரு நெருக்கடி நேர்ந்தது. இதழாளர் ஜான் சைகன்தாலரைக் கென்னடி சகோதரர்களின் கொலையுடன் தொடர்புபடுத்திய பொய்க் கட்டுரை ஒன்று 2005இல் நான்கு மாதங்களுக்கு மேல் ஆங்கில விக்கிப்பீடியாவில் கிடந்தது. அவர் அதைப் பொதுவெளியில் கண்டித்தபின், அவ்வாண்டு டிசம்பரில், பதிவு செய்யாதோர் புதிய கட்டுரை தொடங்கும் உரிமை நிறுத்தப்பட்டது.

பதிவு செய்வோர் மனிதர்தாமா என்று அறியக் கேப்ட்சா இருந்தது. விக்கிமீடியா தளங்களில் நெடுங்காலம் வழங்கிய கேப்ட்சா, நெளிந்த உரோமன் எழுத்துகளால் ஆனது. மொழி எதுவாயினும் படம் அதுவே. ஆகவே தமிழ் விக்கிப்பீடியாவில் தமிழில் எழுத வந்தவரும் முதலில் உரோமன் எழுத்துகளை வாசித்துத் தாம் மனிதர் என மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. ஒலி வடிவம் இல்லாமையால் பார்வையற்றோருக்கு அவ்வழியும் இல்லை. எரிதம் அனுப்பும் நிரல்களோ நாளடைவில் அவ்வெழுத்துகளைப் படிக்கக் கற்றுக்கொண்டன. காவலின் விலையை யார் செலுத்தினர் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று அரிது.

2013இல் ஆரன் ஹால்ஃபேக்கரும் உடனாய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு இதே விலையை வேறு வகையில் அளந்தது. ஆங்கில விக்கிப்பீடியாவின் முனைப்பான பங்களிப்பாளர் எண்ணிக்கை 2007க்குப் பின் சரிந்தது. விசமத்தைத் துடைக்க உருவான பாதித் தானியங்கிக் கருவிகள், நல்லெண்ணத்துடன் எழுதிய புதியவர்களின் திருத்தங்களையும் நீக்கின. அவர்களுள் பலர் திரும்பி வரவில்லை. கருவிகள் தம் வேலையைச் செம்மையாகவே செய்தன என்பதுதான் இங்கு உறுத்துவது.

2020 அக்டோபரில் போர்த்துகீசிய விக்கிப்பீடியா பதிவு செய்யாதோர் கட்டுரைகளைத் தொகுப்பதை முற்றிலும் நிறுத்தியது. கன்னிங்காமின் முதல் விக்கி அதற்கு முன்பே, 2014இன் இறுதியில் நடந்த தொடர் விசமத்துக்குப் பின், படிக்க மட்டும் இயலும் தளமாகிவிட்டிருந்தது.