மழை விட்டும் செவுரு விடாது

மழை விட்டும் தூவானம் விடலைன்னு சொல்லுவாங்க. எங்க கொங்குப் பக்கத்து வீடுகளோட கதையைப் பார்த்தா, மழை விட்டும் செவுரு விடாதுன்னுதான் சொல்லத் தோணும். மூணு நாள் அடைமழையில நின்ன மண்செவுரு, மழை ஓஞ்ச மறுநாள் ராத்திரி சரிஞ்சது உண்டு. நனைஞ்ச வீட்டுல அன்னைக்குப் படுக்கலாமா, கூடாதா? இந்தக் கேள்விக்கு எங்க ஊர்ப் பெரியவங்ககிட்ட ஒரு பதில் இருந்தது. அது ஏன் இப்பப் போதலைங்கறதைத்தான் எழுதுறேன்.

கோயமுத்தூரைச் சுத்தி மழை கம்மிங்க. மேற்கு மலை மறிச்சுக்கிறதால, ஐப்பசி, கார்த்திகை மழைதான் எங்களுக்குப் பெரிய மழை. அதனாலதான் இங்க மண்ணுல வீடு கட்டி தலைமுறை தலைமுறையா இருக்க முடிஞ்சது. காஞ்ச மண்செவுரு கல்லு மாதிரி நிக்கும். அதோட எதிரி அடியில ஏறுற ஓதம். அதுக்காகத்தான் கருங்கல்லுல கடைக்கால் போட்டு, தரைக்கு மேல கொஞ்சம் தூக்கி, அப்புறம் மண் வெச்சாங்க. கூரையை வெளியே நீட்டி இறக்கினதும், செவுத்தடியில திண்ணை கட்டினதும் உக்கார்ந்து பேச மட்டும் இல்லீங்க. கூரைத் தண்ணி செவுத்தடியில விழாம இருக்கவும்தான்.

அப்புறம் ஓடு மாறுச்சு. 1862-ல போத்தனூருக்கு ரயில் வந்துருச்சு. 1865-ல மங்களூர்ல பேசல் மிஷன்காரங்க ஓட்டுச் சூளை ஆரம்பிச்சாங்க. போகப் போக கீத்து வேய்ஞ்ச வீடுகளும் நாட்டு ஓட்டு வீடுகளும் சீமை ஓட்டுக்கு மாறுச்சு. அதுக்கெல்லாம் பிறகு சிமெண்ட் வந்தது. பழைய மண்செவுத்து மேலயே சிமெண்ட் பூசி, பெயிண்ட் அடிச்சோம். பார்க்க அழகாத்தான் இருந்தது. ஆனா சுண்ணாம்புப் பூச்சு மாதிரி சிமெண்ட் ஈரத்தை வெளிய விடாது. உள்ள மண் ஊறிக் கிடக்கும், வெளிய பெயிண்ட் பளபளன்னு இருக்கும். செவுரு காட்டுற அடையாளத்தை நாமளே மூடிட்டோம்.

எங்க அப்பாரு காலத்து ஆளுங்க செவுத்தோட அடியைத்தான் முதல்ல பார்ப்பாங்க. நகத்தால அழுத்துனா மண் மாவா இறங்குதா? வெடிப்பு காலையில இருந்ததைவிட சாயங்காலம் அகலமா இருக்கா? நேத்து வரைக்கும் சாத்துன கதவு இன்னைக்குப் பிடிக்குதா? செவுரு வயிறு தள்ளியிருக்கான்னு தூக்குக்குண்டு கட்டிப் பார்ப்பாங்க. பல்லடம், சூலூர்ப் பக்கம் கரிசல் மண்ணுன்னா இன்னும் ஜாக்கிரதை வேணும். அது நனைஞ்சா உப்பும், காஞ்சா சுருங்கும், கடைக்காலையே அசைச்சுரும். சந்தேகம்னா மாட்டை முதல்ல வெளிய ஓட்டிட்டு, ஆளுங்க அடுத்த வீட்டுத் திண்ணையில படுத்துக்குவாங்க.

இந்த அறிவெல்லாம் நம்ம வீடு, நம்ம செவுரு என்பதுக்குத்தான். 2019 டிசம்பர் 2, திங்கட்கிழமை விடிகாலை, மேட்டுப்பாளையம் நடூர்ல நடந்தது வேற. ராத்திரி பூரா கனமழை. ஒரு பெரிய வீட்டைச் சுத்திக் கட்டியிருந்த, சுமார் 20 அடி உயரக் கருங்கல் மதில், பக்கத்துல இருந்த தலித் குடும்பங்களோட ஓட்டு வீடுகள் மேல சாஞ்சுது. தூங்கிட்டு இருந்த 17 பேர் செத்துப்போனாங்க. மகனையும் மகளையும் பறிகொடுத்த ஒரு தகப்பன், அந்தப் பிள்ளைகளோட கண்களைத் தானம் குடுத்தார்.

அவங்க தங்கள் செவுத்தை எத்தனை தடவை தட்டிப் பார்த்திருந்தாலும் என்னங்க பிரயோசனம்? விழுந்தது அவங்க செவுரு இல்லையே. அந்த மதிலைப் பத்தி முன்னாடியே முறையிட்டோம்னு அங்கிருந்தவங்க சொன்னாங்க. அது தீண்டாமைச் சுவர்னும் குற்றச்சாட்டு எழுந்தது. ஆபத்தை அறிஞ்சவங்க கையில அதிகாரம் இல்லை.

இத்தனைக்கும் சட்டம் பழசு. விழுந்து அக்கம்பக்கத்தாருக்குக் காயம் உண்டாக்கும் நிலையில இருக்கிற கட்டடத்தை இடிக்கவோ, பழுது பார்க்கவோ, முட்டுக் குடுக்கவோ உத்தரவிட 1898-ஆம் வருஷத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துலயே 133-ஆம் பிரிவு இருந்தது. 1973 சட்டத்துலயும் அதே எண். 2024 ஜூலை 1 முதல் வந்த புதுச் சட்டத்துல அது 152-ஆம் பிரிவு. கோட்டாட்சியர் கையெழுத்துப் போட்டா நடக்கக்கூடிய வேலை. நூறு வருஷத்துக்கு மேலா ஏட்டுல இருக்கு.

நகரத்துல இருக்கிற உங்களுக்கும் இது பொருந்தும். உங்க வீட்டுக்குள்ள தண்ணி வந்துட்டுப் போனா மெயின் சுவிட்சை அணைச்சுட்டு எலக்ட்ரீசியன் பார்த்த பிறகு போடுங்க. ஓதம், வெடிப்பு, கதவு எல்லாம் பாருங்க. அதோட நிக்காம வெளிய வந்து, உங்களுக்கு மேட்டுல இருக்கிற மதிலையும் பாருங்க. மண்ணைத் தாங்குற மதில்ல தண்ணி வடிய ஓட்டை இருக்கா? இருந்தா அதுல தண்ணி வருதா, அடைச்சுக் கிடக்கா? வடியாத தண்ணியோட பாரம் முழுக்க அந்த மதிலைத் தள்ளிட்டே இருக்கும்.

சந்தேகம் இருந்தா அன்னைக்கு ராத்திரி வேற இடத்துல படுங்க. விடிஞ்சதும் அந்த 152-ஆம் பிரிவைக் குறிப்பிட்டு ஒரு மனு எழுதிக் குடுங்க. உங்க மதில் அடுத்தவன் கூரைக்கு மேல நிக்குதுன்னா, அவன் மனு எழுதற வரைக்கும் காத்திருக்காதீங்க.