இர்வினா, பி-3யா? - விமானிகளின் ஆட்டுத்தோல் ஜாக்கெட்

ஜாக்கெட் என்றதும் டெய்லர் கடை, அளவு பிளவுஸ் என்று நினைத்து உள்ளே வந்தவர்கள் மன்னிக்கவும் :) இது வேறு ஜாக்கெட். இரண்டாம் உலகப் போரில் விமானிகளும் அவர்களோடு பறந்த துப்பாக்கி வீரர்களும் போட்டுக்கொண்ட, வெளியே தோலும் உள்ளே ரோமமுமாக இருக்கும் தடித்த மேல்சட்டை. பழைய போர்ப் படங்களில் பார்த்திருப்பீர்கள். கிறிஸ்டோபர் நோலனின் 'டன்கர்க்' (2017) படத்தில் ஸ்பிட்ஃபயர் ஓட்டும் டாம் ஹார்டி மாட்டிக்கொண்டிருப்பாரே, அந்த ரகம்.

இதைச் சேகரிப்பவர்களுக்குள் ரஜினியா கமலா மாதிரி ஒரு தீராத சண்டை உண்டு. பிரிட்டிஷ்காரர்களின் இர்வின் சிறந்ததா, அமெரிக்கர்களின் பி-3 சிறந்ததா? நான் இர்வின் கட்சி. அதிலும் போரின் பிற்பாதியில் வந்த, துண்டு துண்டாகத் தோலைச் சேர்த்துத் தைத்த இர்வின். "போயும் போயும் ஒட்டுப்போட்டதா?" என்று கேட்பவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் குளிரைப் பற்றிப் பேச வேண்டும். மேலே போகப் போக, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் ஆறரை டிகிரி வெப்பம் குறைகிறது. அன்றைய குண்டுவீச்சு விமானங்கள் பறந்த உயரம் 25,000 அடி வரை போகும், அதாவது ஏழரை கிலோமீட்டருக்கும் மேல். தரையில் இதமாக 15 டிகிரி இருந்தால் அங்கே மைனஸ் 35. ஐரோப்பியக் குளிர்காலம் என்றால் இன்னும் கீழே. இன்று நாம் போகும் விமானங்கள் அதைவிட உயரத்தில்தான் பறக்கின்றன. ஆனால் நமக்கு மூடிய கேபின், ஹீட்டர், காபி எல்லாம் உண்டு. 1943-இல் ஜெர்மனிக்குப் பறந்த அமெரிக்க பி-17 விமானத்தின் இரண்டு விலாப்புறத்திலும் துப்பாக்கி நீட்டுவதற்குப் பெரிய ஜன்னல்கள் இருந்தன. அவை திறந்தே கிடக்கும். காற்று உள்ளே அடித்துக்கொண்டிருக்கும். பத்துப் பேர் பல மணி நேரம் அதற்குள் இருக்க வேண்டும்.

அந்த நிலையில் துப்பாக்கி சிக்கிக்கொண்டால், தடித்த கையுறையோடு சரிசெய்ய வராது. கழற்றிவிட்டு வெறுங்கையால் இரும்பைத் தொட்டால் தோல் அதில் ஒட்டிக்கொள்ளும். விரல்களை இழந்தவர்கள் உண்டு. இங்கிலாந்திலிருந்து பறந்த அமெரிக்காவின் எட்டாவது விமானப்படையில், ஆரம்பக் கட்டத்தில் எதிரியின் குண்டால் காயம்பட்டு முடங்கியவர்களைவிடப் பனிக்கடியால் முடங்கியவர்கள் அதிகம். ஜெர்மன் பீரங்கியைவிடக் குளிர் அதிகம் பேரைச் சாய்த்திருக்கிறது! இன்று ஃபேஷன் என்று மாட்டிக்கொள்ளும் பொருள், அன்று கை கால்களைக் காப்பாற்றும் கருவி.

சரி, ஏன் ஆட்டுத்தோல்? செம்மறி ஆட்டின் தோலை ரோமத்தோடு சேர்த்தே பதப்படுத்தி, ரோமத்தை ஒரே அளவாகக் கத்தரித்து, ரோமப் பக்கம் உள்ளே வரும்படி தைக்கிறார்கள். தோல் காற்றைத் தடுக்கிறது. ரோமத்துக்கு நடுவே சிக்கிய காற்று உடல் சூட்டைப் பிடித்துவைக்கிறது. கம்பளிக்கு இன்னொரு குணம், கொஞ்சம் ஈரமானாலும் சூடு முழுவதும் போய்விடாது. தனியாக லைனிங் எதுவும் வேண்டாம். இந்த வேலையை ஆடு ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறது, மனிதன் அதைத் திருப்பிப் போட்டுக்கொண்டான், அவ்வளவுதான்.

இர்வின் என்பது ஓர் ஆளின் பெயர். லெஸ்லி இர்வின், 1895-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்த அமெரிக்கர். பிரிட்டிஷ் விமானப்படையின் அடையாளமாகவே ஆகிப்போன ஜாக்கெட்டைக் கொடுத்தவர் அமெரிக்கர் என்பது எனக்கு மிகவும் பிடித்த முரண். அவருடைய உண்மையான தொழில் வானத்திலிருந்து குதிப்பது. அந்தக் காலத்தில், விமானத்திலிருந்து சும்மா விழுகிற மனிதன் பாதியிலேயே மயங்கிவிடுவான், பாராசூட்டை அவனே இழுத்துத் திறக்க முடியாது என்று பலர் நம்பினார்கள். 1919 ஏப்ரல் 28 அன்று ஒஹையோ மாநிலத்தின் மெக்குக் ஃபீல்டில் இர்வின் குதித்தார், விழுந்துகொண்டிருக்கும்போதே தன் கையால் கயிற்றை இழுத்தார், பாராசூட் விரிந்தது. இறங்கும்போது கணுக்கால் உடைந்தது என்பது வேறு விஷயம்!

பிறகு பாராசூட் கம்பெனி தொடங்கினார். யாரோ செய்த எழுத்துப் பிழையால் கம்பெனியின் பெயர் 'இர்விங்' என்று பதிவாகிவிட, பல பத்தாண்டுகள் அப்படியே ஓடியது என்பார்கள். 1926-இல் இங்கிலாந்தின் லெட்ச்வொர்த்தில் தொழிற்சாலை. தன் பாராசூட்டால் உயிர் பிழைத்தவர்களுக்குக் 'கம்பளிப்புழு சங்கம்' என்ற அமைப்பின் சின்னமாகச் சின்னத் தங்கப் புழு ஒன்றைக் கொடுத்தார். பாராசூட் அப்போது பட்டு, பட்டு வருவது புழுவிடமிருந்து. கூட்டிலிருந்து வெளியே வந்து உயிர் பிழைத்த புழு! இப்படி யோசிக்கிற ஆள், மேலே குளிர் என்ன செய்யும் என்பதையும் உடம்பால் அறிந்தவர். 1930களின் தொடக்கத்தில் அவர் வடிவமைத்த ஆட்டுத்தோல் ஜாக்கெட்டைப் பிரிட்டிஷ் விமானப்படை எடுத்துக்கொண்டது.

அதன் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு காரணம் இருக்கிறது. காலரைத் தூக்கிவிட்டால் காதுவரை மூடும். இடுப்பில் பெல்ட், கீழிருந்து காற்று ஏறாமல் இருக்க. மணிக்கட்டிலிருந்து முழங்கை நோக்கி ஓடும் ஜிப், நீளமான கையுறையைச் சட்டைக் கைக்குள் செருகி மூட. பாக்கெட்? கிடையாது. முன்பக்கம் முழுக்கப் பாராசூட்டின் வார்கள் வரப்போகின்றன, அங்கே பாக்கெட் வைத்து என்ன பயன்? குதிப்பவர் வெட்டிய துணி என்பது இந்த இல்லாத பாக்கெட்டிலேயே தெரிகிறது. சில ஜாக்கெட்டுகளில் மட்டும் மஞ்சள் நிறத்தில் ஒரு தலைமூடி தைத்திருந்தார்கள். கடலில் விழுந்து மிதப்பவன் தேடி வருபவர் கண்ணில் படுவதற்காக.

அமெரிக்க பி-3யையும் குறை சொல்வதற்கில்லை. 1934-இல் அங்கீகரிக்கப்பட்டது. பார்வைக்கு இர்வினைவிட முரட்டுத்தனமானது. கழுத்தில் இரண்டு தோல் வார்கள், தையல்கள் மேல் தோல் பட்டைகள், வலப்பக்கம் ஒரே ஒரு பாக்கெட். தளபதி பேட்டன் அதைப் போட்டுக்கொண்டு நிற்கும் படங்கள் பிரபலம் (அவர் டாங்கிப்படைக்காரர், மேலே பறந்து குளிரில் நடுங்க வேண்டிய அவசியம் இல்லை, ஆனாலும் மனிதருக்கு ஸ்டைல் முக்கியம்). ஆனால் பி-3 பெரிசு. அதைப் போட்டுக்கொண்டு, மேலே பாராசூட் வாரும் மாட்டிக்கொண்டு, பி-17 விமானத்தின் வயிற்றில் தொங்கும் உருண்டைக் கூண்டுக்குள் ஒரு ஆள் சுருண்டு உட்கார வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதனால் இரண்டு நாடுகளும் மின்சாரத்துக்குப் போயின. உள்ளே கம்பி ஓடும் உடைகள் வந்தன, விமானத்தின் மின்சாரத்தில் சூடாகும். அமெரிக்காவின் முதல் மாடல்களில் ஒன்றான எஃப்-1 உடையில் எல்லாக் கம்பிகளும் ஒரே தொடராக இணைக்கப்பட்டிருந்தன. நம் ஊர்க் கோயில் திருவிழா சீரியல் லைட்டில் ஒரு பல்பு போனால் மொத்த வரிசையும் அணையுமே, அதே கதை. ஓரிடத்தில் கம்பி அறுந்தால் உடை முழுதும் ஜில்லென்று ஆகிவிடும். அடுத்து வந்த எஃப்-2வில் இதைத் திருத்தினார்கள். 1943-இல் அல்பாகா கம்பளி வைத்த துணி ஜாக்கெட்டான பி-10 வந்தது. ஆட்டுத்தோலின் காலம் அமெரிக்காவில் முடிய ஆரம்பித்தது அங்கேதான்.

பிரிட்டனில் இர்வின் போர் முடியும்வரை தாக்குப்பிடித்தது. அங்கும் குளிர் எல்லோருக்கும் சமமாக இல்லை. லேன்காஸ்டர் விமானத்தில் சூடான காற்று வரும் குழாய் ரேடியோக்காரரின் பக்கத்தில் இருந்தது, அவருக்கு வியர்த்துக் கொட்டும். அதே விமானத்தின் வாலில் தனியாக உட்கார்ந்திருக்கும் துப்பாக்கி வீரர் விறைத்துப் போவார். இரவில் எதிரி விமானம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று கூண்டின் முன்கண்ணாடியையே கழற்றிவிட்டுப் பறந்தவர்கள் உண்டு. பாராசூட்டை வைத்துக்கொள்ளக்கூட அந்தக் கூண்டில் இடம் போதாது, அது பின்னால் விமானத்துக்குள் தொங்கும். பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படையில் பறந்த சுமார் 1,25,000 பேரில் 55,573 பேர் திரும்பி வரவில்லை.

இப்போது ஒட்டுப்போட்ட இர்வினுக்கு வருவோம். போருக்கு முன்பும் தொடக்கத்திலும் தைத்த இர்வின்களில் முதுகு பெரிய ஒரே தோலாக இருக்கும். சேகரிப்பவர்கள் அதைத்தான் தேடி அலைகிறார்கள், விலையும் அதற்குத்தான். போர் நீண்டது, ஆள் எடுப்பது கூடியது, பெரிய நல்ல தோல்களுக்குத் தட்டுப்பாடு வந்தது. வேலையைப் பல கம்பெனிகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். கிடைத்த சின்னத் துண்டுகளைச் சேர்த்துத் தைத்தார்கள். முதுகில் குறுக்கே தையல், கையில் இரண்டு மூன்று துண்டு, சிலவற்றில் ஒரு துண்டு கறுப்பாகவும் பக்கத்துத் துண்டு பழுப்பாகவும் இருக்கும்.

அழகு என்று பார்த்தால் பழையதுதான் அழகு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முழுத்தோல் ஜாக்கெட் எனக்குச் சொல்வது ஆட்டின் அளவை மட்டும். துண்டு ஜாக்கெட்டைக் கையில் எடுத்தால் அது எந்தக் காலத்தில் தைக்கப்பட்டது என்று ஓரளவு ஊகிக்கலாம், நாட்டில் எவ்வளவு பஞ்சம் என்று தெரியும், எந்த இடத்தில் தையல்காரர் வேறு வழியில்லாமல் நிறம் மாறிய துண்டை வைத்தார் என்றுகூட விரல் வைத்துக் காட்டலாம். தட்டுப்பாட்டில் எதை விட்டார்கள், எதை விடவில்லை என்பதும் தெரியும். நிறப் பொருத்தத்தை விட்டார்கள். கையின் நீள ஜிப்பை விடவில்லை. காலரைச் சின்னதாக்கவில்லை.

ஒரிஜினல் ஒன்று கண்ணில் பட்டால் முதலில் உள்பக்கத்தைப் பாருங்கள். விமான அமைச்சகத்தின் லேபிள் இருக்கிறதா, ரோமம் உதிர்கிறதா என்று கவனியுங்கள். எண்பது வருடத் தோல் காய்ந்து அட்டை மாதிரி விறைத்திருந்தால் போட்டுப் பார்க்க ஆசைப்படாதீர்கள், அக்குளில் கிழியும். முதுகைக் கடைசியாகத் திருப்பிப் பாருங்கள். குறுக்கே தையல் ஓடுகிறது என்று விற்பவர் விலையைக் குறைத்துச் சொன்னால், பேரம் பேசாமல் வாங்கிவிடுங்கள். சென்னை வெயிலில் எங்கே போட்டுக்கொள்வது என்பதை அப்புறம் யோசிக்கலாம்.