டெல்லி குறைந்தபட்ச ஊதியம்: 13,350 ரூபாய் ஏன் நீதிமன்றத்தில் விழுந்தது, எப்படி 14,842 ஆகத் திரும்பி வந்தது?

உங்க ஆபீஸ் வாசல்ல நிக்கிற செக்யூரிட்டி அண்ணனுக்கு மாசம் எவ்வளவு சம்பளம்? தெரியாமல் இருக்கலாம். ஆனால் அதற்குக் கீழே போகக் கூடாத ஒரு எண்ணை ஒவ்வொரு மாநில அரசும் அறிவித்திருக்கிறது. அந்த எண்ணை உயர்த்தப் போனால் என்னவெல்லாம் நடக்கும் என்பதற்கு டெல்லி நல்ல உதாரணம்.

2017 மார்ச் 3 அன்று டெல்லி அரசு வெளியிட்ட அறிவிப்பில், ‘அன்ஸ்கில்டு’ பிரிவுத் தொழிலாளியின் மாத ஊதியம் 9,724 ரூபாயிலிருந்து 13,350 ரூபாயானது. ஒரே தாவலில் சுமார் 37 சதவீதம். மாதத்துக்கு 26 வேலைநாள் என்று வகுத்தால், நாளுக்கு 374 ரூபாயாக இருந்தது 513 ஆனது.

தொழில், வணிக அமைப்புகள் நீதிமன்றம் போயின. 2018 ஆகஸ்ட் 4 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் அறிவிப்பையே ரத்து செய்தது.

தொகை அதிகம் என்பதா பிரச்சினை?

இல்லை. இதைத்தான் பலர் தவறாகப் புரிந்துகொண்டார்கள். முதலாளியால் கொடுக்க முடியுமா என்பது குறைந்தபட்ச ஊதியத்தில் கேள்வியே இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1960-களிலேயே சொல்லிவிட்டது. டெல்லி அறிவிப்பு விழுந்தது நடைமுறையில்.

1948-ம் ஆண்டு குறைந்தபட்ச ஊதியச் சட்டம் இரண்டு வழி கொடுத்தது. ஒன்று, குழு அமைத்து அதன் ஆலோசனையைக் கேட்பது. அதில் முதலாளிகளும் தொழிலாளர்களும் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும். இன்னொன்று, வரைவை வெளியிட்டு, குறைந்தது 2 மாதம் ஆட்சேபம் கேட்டு முடிவெடுப்பது. டெல்லி முதல் வழியில் போனது. ஆனால் குழுவில் உரிய பிரதிநிதித்துவம் இல்லை, பாதிக்கப்படுவோர் தரப்பைக் கேட்கவில்லை, தொகைக்கு ஆதாரமான தரவு போதவில்லை என்றது நீதிமன்றம். எண்களோடு வேலை பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: கடைசிக் குறைதான் அரசு சுலபமாகத் தவிர்த்திருக்கக் கூடியது.

அரசியல் எங்கே வருது?

அதற்கு முன்பே வந்துவிட்டது. 2016 ஆகஸ்டில், டெல்லியின் நிர்வாகத் தலைவர் துணைநிலை ஆளுநர்தான் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆம் ஆத்மி அரசு அவர் ஒப்புதல் இல்லாமல் எடுத்த முடிவுகள் சிக்கலுக்குள்ளாயின. ஊதியக் குழுவும் அதில் மாட்டியது. அந்த செப்டம்பர் 15 அன்று புதிய குழு. அதைத்தான் 2018 தீர்ப்பு அறிவிப்போடு சேர்த்து ரத்து செய்தது. ஆக, அதிகாரச் சண்டை முடிந்து வந்த குழுவும் நிற்கவில்லை.

நடுவில் மாட்டியவர் தொழிலாளி. ஒரு வருஷத்துக்கு மேல் 13,350 கணக்கில் வாடகை, ஸ்கூல் ஃபீஸ் என்று குடும்பத்தை ஓட்டியவருக்கு, மறுபடி 9,724-ஐ ஒட்டிய கணக்குக்கே சம்பளம் இறங்கலாம் என்ற நிலை.

2018 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம் தலையிட்டது: 2017 விகிதம் தொடரட்டும், அரசு 3 மாதத்தில் முறைப்படி மறுபடி கணக்குப் போடட்டும். புதிய கணக்கை 2019 அக்டோபரில் அது ஏற்றது. அன்ஸ்கில்டு 14,842 ரூபாய், செமி-ஸ்கில்டு 16,341, ஸ்கில்டு 17,991. வழக்குப் போட்டுக் குறைக்கப் பார்த்த தொகை, ஒழுங்காகக் கணக்குப் போட்டபோது கூடித்தான் வந்தது. இடையில் ஏறிய விலைவாசிக்கும் அதில் பங்கு உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்தக் கணக்கு என்ன?

1957-ல் நடந்த 15-வது இந்திய தொழிலாளர் மாநாடு போட்ட சூத்திரம் இது. சம்பாதிக்கும் ஒருவரை நம்பி 3 நுகர்வு அலகுகள், வயது வந்தவருக்கு நாளுக்கு 2,700 கலோரி, குடும்பத்துக்கு வருஷம் 72 கெஜம் துணி, வாடகை, எரிபொருள் உள்ளிட்ட இதர செலவுக்கு 20 சதவீதம். பிள்ளைகளின் படிப்பும் மருத்துவமும் இதில் இல்லை. அவற்றுக்கெல்லாம் சேர்த்து 25 சதவீதத்தை உச்ச நீதிமன்றம் 1991-ல் கூட்டியது. அந்த வழக்கு நம்ம சென்னையிலிருந்து போனது: ரெப்டகோஸ் பிரெட் நிறுவனத் தொழிலாளர்கள் தொடுத்தது.

இப்போ சட்டம் மாறிடுச்சே?

ஆமாம். 2019-ல் நிறைவேறிய ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் அமலில் இருக்கிறது. ஒன்றிய அரசு ஒரு அடித்தள ஊதியம் நிர்ணயிக்கும், மாநிலங்கள் அதற்குக் கீழே போக முடியாது. ஆனால் மாநில ஊதியத்தைத் திருத்த அதே இரண்டு வழிகள்தான்: குழு, அல்லது வரைவு அறிவிப்பு. டெல்லி இடறிய கல் அங்கேயேதான் கிடக்கிறது.

டெல்லியில் வேலை பார்க்கிறீங்கன்னா இன்னொரு விஷயம். மெட்ரோவில் அரை மணி நேரம் போனால் குருகிராம் ஹரியானா, நொய்டா உத்தரப் பிரதேசம். அங்கே எண்ணும் வேறு. டெல்லியில் அகவிலைப்படி ஏப்ரலிலும் அக்டோபரிலும் மாறும், விகிதப் பட்டியல் தொழிலாளர் துறை இணையதளத்தில் இருக்கும். ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி பில்லில் கையெழுத்துப் போடுவது நீங்கள் என்றால், அந்தப் பட்டியலை ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பாருங்க. ஒப்பந்ததாரர் குறைத்துக் கொடுத்தால், மீதியைக் கொடுக்க வேண்டியது உங்க கம்பெனி.