கேட்போர் கண்டெடுத்த இசை

இசைக்குழுவொன்று தோன்றுவதற்கு இசைவாணர் நால்வர் போதும். அது நிலைபெறுவதற்கோ கேட்போர் வேண்டும். மேலைநாடுகளில் மெற்றல் எனப்படும் கடுமுழக்க இசையின் இரு கிளைகள் வளர்ந்த வரலாறு இவ்வுண்மையைத் தெளிவாக்குகின்றது.

1969ஆம் ஆண்டு செப்டெம்பரில் இலண்டன் றோயல் அல்பேட் மண்டபத்திலே, டீப் பேர்ப்பிள் என்னும் குழு றோயல் பில்ஹார்மோனிக் வாத்தியக் குழுவுடன் ஒரே மேடையில் வாசித்தது. 1970இல் பேர்மிங்ஹாம் நகரத்துப் பிளாக் சபாத் குழுவின் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. மின்கித்தாரும் பெருவாத்தியக் குழுவும் இணையக்கூடும் என்பதை முன்னையது காட்டிற்று. மெற்றல் இசைக்குப் பின்னையது அடித்தளமிட்டது. பின்னாளில் இவ்விரு போக்குகளும் கலந்து, இசைநாடகக் குரலும் சேர்ந்தெழுந்ததே சிம்பொனிக் மெற்றல். தாளக் கணக்கை இடையிடையே மாற்றி, ஒரே பாட்டைப் பத்து, இருபது நிமிடங்களுக்கு விரித்துச் செல்வது புறோகிறெசிவ் மெற்றல்.

மூன்று நிமிடப் பாட்டுகளையே பெரிதும் விரும்பிய வானொலி நிலையங்களில் இத்தகைய இசைக்கு இடம் அரிதாயிற்று. ஆதலால் 1980களில் இரசிகர் தாமே ஒரு வழி வகுத்தனர். ஒருவர் தம்மிடமுள்ள ஒலிநாடாவைப் படியெடுத்து, முகமறியா வெளிநாட்டு அன்பருக்குத் தபாலில் அனுப்புவார். அவர் வேறொன்றைத் திருப்பியனுப்புவார். பல குழுக்களின் பெயர் கடல்கடந்து சென்றது இவ்வாறேயாம்.

அமெரிக்காவில் பொஸ்ரன் நகரத்துப் பேர்க்லி இசைக் கல்லூரி மாணவர் மூவர் 1985இல் அமைத்த குழுவே பிற்காலத்து டிறீம் தியேற்றர். தொடக்கத்தில் அவர்களும் ஒலிநாடாக்களைப் பதிவுசெய்து பரப்பினர். பாடகரின்றி அவர்கள் இடர்ப்பட்டபோது, கனடாவிலிருந்து ஜேம்ஸ் லாப்றி அனுப்பிய ஒலிநாடா அவரைக் குழுவிற் சேர்த்தது. 1992இல் வந்த அவர்களது இரண்டாவது இசைத்தொகுதியில், ஹம்லெற் நாடகத்தைத் தழுவிய பாட்டொன்று எட்டு நிமிடத்துக்கு மேற்பட்டது. ஆயினும் வானொலிகள் அதனை விரும்பி ஒலிபரப்பின. நெடும்பாட்டைப் பொதுமக்கள் கேளார் என்ற எண்ணம் பொய்த்தது.

1996இல் பின்லாந்தின் கீற்றே என்னும் சிற்றூரிலே நைற்விஷ் குழு தோன்றியது. அதன் முதற் பாடகி தார்யா தூருனன் செவ்வியல் இசைப் பயிற்சி பெற்றவர். தலைநகரிலிருந்து தொலைவிலுள்ள அவ்வூரின் பெயரை உலக இரசிகர் இன்று அறிவர்.

புதிய குழுக்களை நாடுவோருக்கு நெதர்லாந்தின் ஆர்யன் லூக்கசன் மற்றொரு வாயிலைத் திறந்தார். ஏரியோன் என்ற பெயரில் அவர் 2004இல் வெளியிட்ட இசைத்தொகுதி, நினைவிழந்து கிடக்கும் ஒருவனது 20 நாட்களை 20 பாட்டுகளிற் கூறுவது. அவனது அச்சம், அறிவு, செருக்கு முதலிய உணர்வுகள் ஒவ்வொன்றும் ஒரு பாத்திரம். பாடியோர் 11 பேர். அவனாகப் பாடுபவர் மேற்கூறிய லாப்றி. அச்சமாகப் பாடுபவர் சுவீடனின் ஒபெத் குழுத் தலைவர் மிக்கேல் ஓக்கர்பெல்ற். அறிமுகமற்ற பாடகியரிடையே நடத்திய போட்டியில் தெரிவான மெக்சிக்கோ நாட்டு மார்செலா போவியோவும் அவர்களுள் ஒருவர். ஒரு தொகுதியைக் கேட்டவர், அதன் உறையிலுள்ள பெயர்களைப் பின்தொடர்ந்து பல குழுக்களை அடைந்தார்.

இன்று கணினியே அடுத்த பாட்டைத் தெரிந்து தருகின்றது. முன்பு கேட்டதை ஒத்ததையே அது பெரும்பாலும் நீட்டும். ஆதலின், உறையிலுள்ள பெயர்களைப் படித்து, நண்பரை வினவித் தேடும் பழைய வழக்கம் அழியலாகாது. அவ்வாறு தேடுவோர் இல்லையாயின், கீற்றே போன்ற சிற்றூர்களில் நாளை பிறக்கும் இசை அவ்வூரிலேயே ஓய்ந்துவிடும்.