ஏரி எப்போ உடையும்?

மெரினா பக்கத்துல ஐஸ் ஹவுஸ்னு ஒரு கட்டடம் இருக்கே, அது 1842-ல அமெரிக்காவிலிருந்து கப்பல்ல வந்த ஐஸை வைக்கக் கட்டினது. அந்த ஐஸை வெட்டின மாசசூசெட்ஸ் பக்கம், வால்டன் ஏரிக்கரையில 1845-லிருந்து ரெண்டு வருஷம் குடிசை போட்டு வாழ்ந்தவர் ஹென்றி டேவிட் தோரோ. இன்னிக்கு நான் அவர்கிட்ட போறது ஒரே ஒரு கேள்விக்காக: உறைஞ்ச ஏரி எப்போ உடையும்னு எப்படிக் கணிக்கிறது?

அனுபவம் இருந்தா போதும்னு தோணும். தோரோ ஒரு பெரியவரைப் பத்திச் சொல்றார். சின்ன வயசிலிருந்தே இயற்கையைக் கவனிச்சு வளர்ந்த மனுஷன். ஒரு வசந்த காலத்துல வாத்து வேட்டைக்குப் போய், ஏரித் தீவுல புதருக்குள்ள ஒளிஞ்சிருந்தார். ஏரி பெரும்பாலும் ஐஸ்தான். ஒரு மணி நேரம் கழிச்சு தூரத்துல பெரிய இரைச்சல். பறவைக் கூட்டம்னு துப்பாக்கியை எடுத்துக்கிட்டு எழுந்தா, ஏரியோட மொத்த ஐஸும் நகர்ந்து வந்து கரையில உரசிக்கிட்டு இருக்கு!

தோரோ தெர்மாமீட்டரை எடுத்தார். 1847 மார்ச் 6. வால்டன் நடுவுல தண்ணி 32 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது உறைநிலை. பக்கத்து ஃபிளின்ட் ஏரியில, ஆழமில்லாத இடத்துல, ஓரடி ஐஸுக்கு அடியிலயே 36. காரணம், வெயில் ஐஸை ஊடுருவி ஏரியோட தரையைச் சூடாக்குது. அந்தச் சூட்டுல ஐஸ் அடியிலிருந்தும் கரையுது.

வால்டன் 102 அடி ஆழம். அதனால அது ஒரு வாரம், பத்து நாள் தாமதமாத்தான் திறக்கும். ஆனா மார்ச்ல நாலு நாள் கடுங்குளிர் அடிச்சா, ஆழமில்லாத ஏரிகள் ரொம்பப் பின்தங்கிடும்; வால்டன் அவ்வளவா அசையாது. பருவம் நிஜமா எங்க நிக்குதுன்னு தெரிஞ்சுக்க வால்டனைப் பாருங்கன்னார் அவர்.

அப்படியும் தேதி சொல்ல முடிஞ்சதா? 1852-ல ஏப்ரல் 18, அடுத்த வருஷமே மார்ச் 23. கிட்டத்தட்ட ஒரு மாச வித்தியாசம். அதனால ஒரு வருஷத்துத் தேதியை வெச்சு எதுவும் சொல்ல முடியாது. பல வருஷக் குறிப்பு வேணும். அவர் குறிச்சு வெச்சார்.

பாஸ்டன் பல்கலைக்கழகத்து உயிரியலாளர் ரிச்சர்ட் ப்ரிமாக் அந்தத் தேதிகளை நம்ம காலத்தோட ஒப்பிட்டார். சராசரியா ரெண்டு வாரம் போல முன்னாடியே இப்போ வால்டன் திறந்துடுது. வசந்தத்துக்காகக் காத்திருந்த ஒருத்தர் எழுதின தேதிகள், பூமி சூடாகுறதுக்குச் சாட்சியா நிக்குது.