விண்மீன்களின் ஒளியைத் தரம் பிரித்த அறிஞர்

இரவு வானை நோக்குகையில் சில மீன்கள் பளிச்சென்று ஒளிர்வதையும், சில மங்கித் தோன்றுவதையும் காண்கிறோம். இவ்வேறுபாட்டை முறையாகக் குறித்துவைத்த முன்னோடிகளுள் ஒருவர் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபீ ஆவார். அவரது வரலாற்றை நம் ஜமாஅத்தார் அறிந்துகொள்வது பயனுடையதெனக் கருதி இங்கே தருகிறோம்.

ஹிஜ்ரி 291இல் (கி.பி. 903) பாரசீகத்தின் ரய் நகரில் பிறந்த இவர், புவைஹி அரசர் அளுதுத் தவ்லாவின் ஆதரவில் வானியற் பணி புரிந்தார். இஸ்ஃபஹானிலிருந்து வானை ஆராய்ந்தார். ஏறத்தாழ கி.பி. 964இல் இவர் இயற்றிய நூல் 'ஸுவருல் கவாகிப்' எனப்படும். கி.பி. 986இல் இவர் மறைந்தார்.

அக்காலத்தில் வானியலுக்கு ஆதாரமாக விளங்கியது, இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தாலமியின் நூலாகும். அவர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மீன்களை 48 மண்டலங்களில் அடக்கினார். மிகப் பிரகாசமானவை முதல் தரம், கண்ணுக்கு அரிதாகப் புலப்படுபவை ஆறாம் தரம் என வகுத்தார். பின்வந்தோர் பலர் அதனைப் படியெடுப்பதோடு அமைந்தனர். வானை நேரில் நோக்காமல், நூல்களையும் வான்கோளங்களையும் மட்டுமே நம்பியவர்களை அஸ்ஸூஃபீ தம் முன்னுரையில் கண்டிக்கிறார்.

மீன்களின் இருப்பிடத்தைப் பொறுத்தவரை, அவர் தாலமியின் கணக்கையே ஏற்று, இடைக்காலத்தில் நேர்ந்த நகர்வுக்காக 12 பாகை 42 கலை கூட்டிக்கொண்டார். ஆனால் ஒளியின் அளவை அவ்வாறு ஏற்கவில்லை. ஒவ்வொரு மீனையும் தம் கண்ணால் நோக்கி மதிப்பிட்டார். ஒரே தரத்துள்ளும் சற்றுப் பெரியது, சற்றுச் சிறியது எனப் பகுத்தார். தாலமியின் கூற்றோடு தம் பார்வை மாறுபட்டபோது, அம்மாறுபாட்டையும் மறையாது எழுதினார். முன்னோரை மதித்தார், அம்மதிப்பு உண்மையைச் சோதிக்கத் தடையாகவில்லை.

ஒவ்வொரு மண்டலத்துக்கும் வானில் காண்பது போல் ஒன்றும், கோளத்தில் காண்பது போல் ஒன்றுமாக இரு படங்கள் வரைந்தார். ஆந்திரமீதா மண்டலத்தில் 'சிறு மேகம்' ஒன்றையும் குறித்தார். அது ஏறத்தாழ 25 இலட்சம் ஒளியாண்டுத் தொலைவிலுள்ள மற்றொரு விண்மீன் பேரடை என்பதை இருபதாம் நூற்றாண்டே தெளிவாக்கிற்று.

அவரது உழைப்பு வீண்போகவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஸ்பெயினில் அந்நூலைத் தழுவிக் காஸ்டிலிய மொழியில் எழுதினர். சமர்கந்தில் உலூக் பேக் 1437இல் முடித்த பட்டியலுக்கும் அது துணைநின்றது. உரோகிணி மீனை மேனாட்டார் 'அல்டெபரான்' என்பர். அது 'பின்தொடர்வது' எனப் பொருள்படும் 'அத்தபரான்' என்னும் அரபுச் சொல்லே. கார்த்திகைக் கூட்டத்தின் பின்னே அது எழுவதால் அப்பெயர் பெற்றது.

1856இல் ஆங்கிலேய வானியலாளர் போக்சன், முதல் தர மீன் ஆறாம் தர மீனைவிட நூறு மடங்கு ஒளியுடையது எனக் கணித வரையறை செய்தார். அவர் 1861 முதல் 1891இல் மறையும் வரை சென்னை வானாய்வகத்தில் பணியாற்றினார் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தியாகும். அவரிடம் பணிபுரிந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867இல் ஒளி கூடிக் குறையும் மீன் ஒன்றைக் கண்டறிந்தார்.

மீன்களின் ஒளி நூற்றாண்டுகளில் மாறியுள்ளதா என அறிய, பழைய குறிப்புகளே சான்றாகும். 2004இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அஸ்ஸூஃபீயின் நூல் உட்பட பழைய பட்டியல்களைச் சோதித்து, அவற்றின் ஒளி மதிப்பீடுகள் நம்பத்தக்கவை என்றனர். தொலைநோக்கி தோன்றுவதற்கு ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்னர், வெறுங்கண்ணால் செய்யப்பட்ட பணி அது!

இன்று நகரங்களின் மின்னொளியில் ஆறாம் தர மீன்கள் மட்டுமன்றி நான்காம் தர மீன்களும் மறைந்துபோகின்றன. மின்விளக்கு குறைந்த இடங்களுக்கு நம் பிள்ளைகளை ஓரிரவேனும் அழைத்துச் சென்று வானைக் காட்டுவோமாக. நூலில் கற்றதைத் தம் கண்ணாலும் சரிபார்க்கும் பழக்கம் அவர்களிடம் வளரட்டும். அதுவே அவ்வறிஞருக்கு நாம் செய்யும் நன்றியாகும்.