‘ராஜா’க் கப்பற் போர்வை: பத்தொன்பதாம் நூற்றாண்டு அறப்பணி பற்றிய ஒரு நோக்கு

வரலாற்றாய்வுக்குச் சான்றாகக் கொள்ளப்படுவன பெரும்பாலும் எழுத்தாவணங்களே. அவை எழுதத் தெரிந்தோரின் குரலையே நமக்குக் கொண்டுவருகின்றன. வறியோராய், தண்டனை பெற்றோராய், அதிலும் பெண்களாய் இருந்தோரின் வரலாற்றை எழுதப் புகுவோர் வேறுவகைச் சான்றுகளையும் நாடவேண்டியவராகின்றனர். 1841ஆம் ஆண்டில் ‘ராஜா’ என்னும் கப்பலிற் சென்ற பெண் கைதிகள் துண்டுத் துணிகளை இணைத்துத் தைத்த போர்வை அத்தகைய சான்றுகளுள் ஒன்றாகும்.

1788 முதல் 1868 வரை பிரித்தானிய அரசு ஏறத்தாழ 162,000 கைதிகளை அவுஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தியது. இவர்களுள் 25,000 பேர் வரையிலானோர் பெண்கள். பெரும்பாலோர் செய்த குற்றம் சிறு களவு. களவாடப்பட்ட பொருள்களுள் துணியும் உடையும் முக்கிய இடம்பெற்றன. துணி திருடியதற்காகக் கடல் கடத்தப்பட்டோர் கையிலேயே பின்னர் துண்டுத் துணி தானமாகக் கொடுக்கப்பட்டது என்பது மனங்கொள்ளத்தக்கது.

அத்தானத்திற்கு வழிகோலியவர் குவேக்கர் சமயப் பிரிவைச் சேர்ந்த எலிசபெத் ஃபிரை அம்மையார் ஆவர். 1813இல் இலண்டன் நியூகேற் சிறையிற் பெண்களின் நிலையை நேரிற் கண்ட அவர், 1817இல் அங்குள்ள பெண் கைதிகளுக்கென ஒரு சங்கத்தை அமைத்தார். 1821இல் இம்முயற்சி நாடு தழுவிய பெண்கள் சங்கமாக விரிந்தது. கைதிகளைத் திறந்த வண்டிகளில், ஊரார் வேடிக்கை பார்க்கத் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்லும் வழக்கத்தை 1818இல் மாற்றி, மூடிய வண்டிகளில் அனுப்பச் செய்தவரும் அவரே. மாதக்கணக்கான கடற்பயணத்திற் பெண்கள் செய்வதற்கு ஒரு தொழில் வேண்டும் எனக் கருதிய அவர், இலண்டனிலிருந்த மான்செஸ்ற்றர் துணி வணிகரிடம் துண்டுத் துணிகளைக் கேட்டுப் பெற்றார். வணிகருக்குக் கழிவாயிருந்தது சங்கத்துக்கு மூலப்பொருளாயிற்று.

ஒவ்வொரு பெண்ணுக்கும் அளிக்கப்பட்ட பையில் இரண்டு இறாத்தல் துண்டுத் துணி, நூறு ஊசிகள், ஓர் அவுன்சு குண்டூசி, பல நிற நூல், நாடா, கத்தரிக்கோல், விரலுறை முதலியன இருந்தன. தைத்து முடித்த போர்வையை விற்றுக் கிடைக்கும் பணம் தைத்தவளுக்கே உரியதாகும். வழியில் றியோ டி ஜெனீரோத் துறைமுகத்திலே சிலர் தம் போர்வைகளை ஒரு கினி விலைக்கு விற்றனர் என்ற செய்தியும் உண்டு. முன்பின் அறியாத நாட்டிற் கையிற் காசின்றி இறங்கவிருந்த ஒருத்திக்கு இது சிறு தொகையன்று.

‘ராஜா’ 1841 ஏப்பிரல் 5ஆந் திகதி வூலிச் துறையிலிருந்து 180 பெண் கைதிகளுடன் புறப்பட்டு, 105 நாட்களின் பின் யூலை 19ஆந் திகதி வன் டீமன் நிலம் என அன்று வழங்கிய தஸ்மேனியாவின் ஹோபாட் நகரை அடைந்தது. சங்கத்தின் சார்பில் மேற்பார்வையாளராக உடன் சென்றவர் கெசியா ஹேற்றர் என்னும் இளம்பெண். அவர் அப்பயணத்திலேயே கப்பற் தலைவருக்கு மணம் பேசப்பட்டார் என்பது நம் ஆய்வுக்குப் புறம்பான, ஆயினும் சுவையான செய்தி.

போர்வை 2,815 துண்டுகளாலானது. ஏறத்தாழ 325 சென்ரிமீற்றர் நீளமும் 337 சென்ரிமீற்றர் அகலமும் உடையது. நடுவே சீத்தைத் துணியிலிருந்து வெட்டியெடுத்த பறவைகளும் மலர்களும் வெள்ளைத் துணிமீது பொருத்தித் தைக்கப்பட்டுள்ளன. அதனைச் சூழச் சதுரங்களும் முக்கோணங்களும் வரிவரியாக அமைகின்றன. இவ்வெட்டியொட்டும் முறையின் பின்னணியிலே சோழமண்டலக் கரை நிற்கின்றது. அக்கரையிலிருந்து சென்ற வண்ணச் சீத்தைகளுக்கு ஐரோப்பாவில் எழுந்த மோகத்தைக் கண்டு அஞ்சிய ஆங்கில நெசவாளருக்காக, 1700இலும் 1721இலும் தடைச் சட்டங்கள் இயற்றப்பட்டன. பின்னைய சட்டம் 1774இலேயே நீக்கப்பட்டது. அரிதாகிவிட்ட சீத்தையின் ஒரு பூவையேனும் வீணாக்காது வெட்டி வேறு துணியிற் பொருத்தும் வழக்கம் அக்காலத்திற் பரவியது. 1841 அளவில் இலங்காசயர் ஆலைகளே அச்சுத் துணியைக் குவித்தன. கைத்தறி நாடு சந்தையை இழந்திருந்தது. முறை மட்டும் எஞ்சியது.

போர்வையின் கீழ்ப்புறத்திற் பட்டு நூலால் நுண்ணிதாகத் தைக்கப்பட்ட வாசகமொன்று உண்டு. சங்கப் பெண்கள் தமக்குச் செய்த உதவிக்குக் கைதிகள் நன்றி கூறுவதாகவும், உழைப்பில் ஊக்கமாயிருக்குமாறு கூறிய அறிவுரையைத் தாம் புறக்கணிக்கவில்லை என்பதற்கு இது சான்று எனவும் அது கூறுகின்றது. இதனை அவ்வாறே ஏற்று, கைதிகளின் உள்ளக்கிடக்கை எனக் கொள்வது எளிது. ஆனால் வாசகத்தின் நடை சங்க அறிக்கைகளின் நடையே. அதனை வகுத்தவர் ஹேற்றர் அல்லது அவரையொத்த கல்வியுடைய ஒருவராதல் வேண்டும் என்பது எமது துணிபு. கொடுத்தோர் தம் கொடை பயன்பட்டது என்பதற்குச் சான்று வேண்டினர். பெற்றோர் நன்றியைத் தைத்துக் கொடுத்தனர். அதனால் நன்றி பொய்யென்று கூறிவிடவும் முடியாது. அக்கப்பலிற் பரிவோடு அணுகியவர் வேறு பலர் இருந்திருப்பர் எனத் தோன்றவில்லை.

எனவே வாசகத்தினும் தையலே நம்பத்தகுந்த சாட்சி என நாம் கருதுகின்றோம். ஓரிடத்திற் தையல் சீராகவும் நெருக்கமாகவும், வேறோரிடத்தில் அவசரமாகவும் தடுமாறியும் ஓடுகின்றது. தேர்ந்த கைகளும் பழகாத கைகளும் ஒரே துணியில் அருகருகே உழைத்துள்ளன.

இப்போர்வை 1987இல் ஸ்கொத்லாந்தில் ஒரு வீட்டின் பரண்மீதிருந்து மீண்டும் வெளிப்பட்டு, 1989இற் கன்பராவிலுள்ள அவுஸ்திரேலிய தேசிய கலைக்கூடத்தைச் சேர்ந்தது. தஸ்மேனியக் கைதிப் பதிவேடுகள் ஒவ்வொரு பெண்ணின் பெயர், குற்றம், உயரம், கண்ணின் நிறம் ஆகியவற்றைக்கூடக் குறித்து வைத்துள்ளன. எந்தத் துண்டை எவள் தைத்தாள் என்பதைக் குறித்து வைப்பது எவருக்கும் தேவையாயிருக்கவில்லை.